நிவாரணமும் நல்லுறவும்: மன்னார்க் கரையின் சாட்சியம்

பசித்தவனுக்குச் சோறிடுதல் அறம் என்றனர் நம் முன்னோர். ஆயின், போரினால் பிளவுண்ட சமுதாயத்திலே சோறிடுதலும் அரசியலாகிவிடுகிறது. எவருக்கு முதலில், எந்தப் பட்டியலின்படி, எவர் கையால் வழங்கப்படுகிறது என்பதைப் பொறுத்து, ஒரே அரிசி மூட்டை இரு சமூகங்களை இணைக்கவும் கூடும், பிரிக்கவும் கூடும். இலங்கையின் மன்னார்த் தீவும் அதனையடுத்த கரையோரமும் இவ்வுண்மைக்குத் தக்க சான்றாக அமைகின்றன.

மாந்தைத் துறைமுகமும் முத்துக்குளிப்பும் பல தேசத்தாரையும் பல சமயத்தாரையும் இக்கரைக்கு அழைத்துவந்தன. தமிழ் பேசும் இந்துவும் கத்தோலிக்கரும் முஸ்லிமும் ஒரே கடலை நம்பி வாழ்ந்தனர். சமயப் பகை இங்கு என்றும் இருந்ததில்லை என்று நாம் கூறவில்லை. 1544இல் மன்னாரின் புதிய கத்தோலிக்கர் யாழ்ப்பாண மன்னனின் வாளுக்கு இரையாயினர். எனினும், அன்றாட உழைப்பு மக்களைப் பிணைத்து வந்தது.

அப்பிணைப்பைப் போர் அறுத்தது. 1984 டிசம்பர் 4இல், கண்ணிவெடித் தாக்குதலொன்றுக்குப் பழிவாங்கும் முகமாக இராணுவத்தினர் மன்னாரில் பொதுமக்களைக் கொன்று குவித்தனர். அம்மாதம் 13இல் மெதடிஸ்த போதகர் ஜோர்ஜ் ஜெயராஜசிங்கமும், 1985 ஜனவரி 6இல் வங்காலைப் பங்குத்தந்தை மேரி பஸ்தியனும் கொல்லப்பட்டனர். துயருற்றோருக்குத் துணைநின்றவர்களுக்கும் பாதுகாப்பு இருக்கவில்லை.

1990ஆம் ஆண்டு இரு வேறு காட்சிகளைக் காட்டிற்று. ஜூனில் போர் மீண்டும் மூண்டபின் மடுத் தேவாலய வளாகம் பல்லாயிரவரின் புகலிடமாயிற்று. அங்கும் பேசாலையிலும் ஐக்கிய நாடுகளின் அகதிகள் உயர் ஆணையகம் திறந்த நிவாரண நிலையங்களை அமைத்தது. ஆபத்து நேரும்போது மக்கள் உள்ளே வரலாம். தணிந்தபின் ஊர் திரும்பலாம். ஆயுதத்துக்கு மட்டும் இடமில்லை. இதுவே அந்நிலையங்களின் நெறி. 1999 நவம்பர் 20இல் மடு வளாகத்தில் எறிகணைகள் வீழ்ந்து ஏறக்குறைய 40 பேர் மாண்டபோது அந்நெறியும் குருதியில் நனைந்தது.

மற்றைய காட்சி மேலும் கசப்பானது. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடமாகாண முஸ்லிம்களை அவர்தம் பிறந்த மண்ணிலிருந்து வெளியேற்றினர். ஏறக்குறைய 75,000 பேர் வீடிழந்தனர். அவர்களுள் பெரும்பகுதியினர் மன்னார் மாவட்டத்தவர். எருக்கலம்பிட்டி மக்கள் படகேறிக் கற்பிட்டிக் கரையில் இறங்கினர். புத்தளத்து மக்கள் பள்ளிவாசல்களையும் பாடசாலைகளையும் திறந்துவிட்டு, தம் உலையிலே அவர்களுக்கும் அரிசியிட்டனர். ஆயினும் நாட்கள் ஆண்டுகளாயின. கூலி வேலையும் கிணற்று நீரும் பாடசாலை இடமும் இருமடங்கு மக்களுக்குப் போதாமற்போக, ஆதரித்தோருக்கும் அகதிகளுக்குமிடையே மனக்கசப்பு வளர்ந்தது. வறியவர் கருணையின்மேல் அரசு தன் கடமையைச் சுமத்தினால் விளைவது இதுவே அன்றோ?

பிளவைக் கடக்க முயன்றோருள் பெண்கள் முன்னின்றனர். வெளியேற்றப்பட்டோருள் ஒருவரான ஷிரீன் சரூர் முதலியோர் 1990களின் பிற்பகுதியில் தொடங்கிய மாதர் அபிவிருத்தி ஒன்றியத்தில் தமிழ்ப் பெண்களும் முஸ்லிம் பெண்களும் ஒன்றுகூடினர். பிழைப்பைப் பற்றியும் உரிமையைப் பற்றியும் அவர்கள் சேர்ந்தே பேசினர். ஒருவர் இழப்பை மற்றவர் செவிமடுத்தது சிறு செயலன்று.

2009இல் போர் முடிந்தது. அகதிகள் ‘பழையோர்’, ‘புதியோர்’ என வகுக்கப்பட்டனர். 2008க்குப்பின் இடம்பெயர்ந்த புதியோருக்கே உதவி முதன்மையாகச் சென்றது. புதியோருள் பெரும்பாலார் தமிழர். 1990இல் வெளியேற்றப்பட்ட முஸ்லிம்களோ பழையோர். அலுவலக ஏட்டிலே கீறிய கோடு சமூகங்களுக்கிடையிலான கோடாயிற்று. உண்மையில் இருவர் துயரும் நிலத்திலேதான் வேரூன்றியிருந்தது. முள்ளிக்குளத்துத் தமிழரின் ஊரைக் கடற்படை கைக்கொண்டது. மறிச்சுக்கட்டி முஸ்லிம்களின் மீள்குடியேற்றம் வில்பத்து வன எல்லைச் சச்சரவில் சிக்கியது. இழந்த நிலத்தைக் கேட்கும் இருவரையும் நிவாரணப் பட்டியல் எதிரெதிரே நிறுத்தியது.

பின்னர் வந்தது 2022இன் பொருளாதார நெருக்கடி. மார்ச் 22இல், பசிக்கு அஞ்சிய 16 பேர் மன்னார்க் கடலைக் கடந்து இராமேசுவரம் பகுதியை அடைந்தனர். ஆகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாயாக உயர்ந்தது. படகுக்கு எரிபொருள் வாங்க இயலாத மீனவனின் அடுப்பு, அவன் எச்சமயத்தவனாயினும், அணைந்தே கிடந்தது.

அவ்வேளை தமிழகம் இலங்கைத் தமிழருக்கு உதவ முன்வந்தது. தமிழருக்கு மட்டுமன்றி அனைவருக்கும் பொதுவாக அனுப்புங்கள் என்று கேட்டவர்கள் இலங்கைத் தமிழ்த் தலைவர்களே. ஏப்ரல் 29இல் தமிழகச் சட்டமன்றம் அவ்வாறே தீர்மானித்தது. 40,000 தொன் அரிசியும் 500 தொன் பால்மாவும் மருந்துகளும் இலங்கை மக்கள் யாவருக்குமென அறிவிக்கப்பட்டன. தாமே வஞ்சிக்கப்பட்ட ஒரு மக்கள், பிறர் பசியையும் தம் பசியோடு சேர்த்து எண்ணியது மன்னார் வரலாற்றின் பின்னணியில் பெருமைக்குரியது.

ஆசிரியராகிய நாம் இவ்வரலாற்றை முழுமையாகக் கற்பிக்க வேண்டும். இராணுவத்தின் கொலைகளைக் கூறி முஸ்லிம்களின் வெளியேற்றத்தை மறைப்பதும், வெளியேற்றத்தைக் கூறிக் கொலைகளை மறைப்பதும் ஒரே குற்றமாகும். தேவையை மட்டும் அளவுகோலாகக் கொண்ட நிவாரணம் நல்லுறவுக்கு வழி திறக்கும். எனினும், பறித்த நிலம் திரும்பக் கிடைத்து, நடந்த அநீதி ஒப்புக்கொள்ளப்படும்வரை, அரிசி மூட்டைகள் மட்டும் அமைதியைக் கொணர்ந்துவிடா. அவ்விரண்டையும் தமிழரும் முஸ்லிம்களும் ஒருங்கே நின்று கோரும் நாளை விரைவுபடுத்துவதே நம் பணி.