பனித்தடத்திற் பயின்ற துணை

பனியைப் படங்களிலன்றி நேரிற் காணாத நாட்டில் இருந்துகொண்டு பனிச்சறுக்கைப் பற்றி எழுதுவது வீண் வேலை எனச் சிலர் எண்ணலாம். மலைச்சரிவிற் பணம் படைத்தோர் ஆடும் விளையாட்டுக்கும் நமக்கும் என்ன தொடர்பு என அவர்கள் கேட்கவும் கூடும். கேள்வி நியாயமானதே. ஆயினும் அவ்விளையாட்டின் ஓரத்திலே, கடந்த எண்பது ஆண்டுகளாக, உடற்குறையுடையோர் தாமே முயன்று திறந்த பாதை ஒன்று உண்டு. அப்பாதையில் அவர்களுக்குத் துணைசெல்வோர் எவ்வாறு உருவாகினர், யாரிடம் கற்றனர் என்பதை அறிவது, உதவி என்னும் சொல்லை நாள்தோறும் கையாளும் எந்தச் சமூகத்துக்கும் பயனுடையது. போர் ஓய்ந்து ஆண்டுகள் பல சென்றும் ஊன்றுகோலின் ஓசை ஓயாத நம் நாட்டுக்கு அது அந்நியமான செய்தியன்று.

இவ்வரலாறும் போரிலேதான் தொடங்குகின்றது. ஒஸ்திரியா, ஜேர்மனி ஆகிய நாடுகளின் மலைக்கிராமங்களிலிருந்து இரண்டாம் உலக மகாயுத்தத்துக்குச் சென்ற இளைஞருட் பலர் கால் இழந்து மீண்டனர். மாரி முழுவதும் பனி மூடிக்கிடக்கும் அவ்வூர்களிலே சறுக்குப்பலகை வெறும் விளையாட்டுக் கருவியன்று. நம் ஊரவனுக்குத் துவிச்சக்கரவண்டி எத்தகையதோ அத்தகையது அது. அதை இழந்தவன் ஊரையே இழந்தவனாவான். 1942ஆம் ஆண்டளவில் பிரான்ஸ் வெண்டல் என்னும் ஜேர்மானியர் தம் ஊன்றுகோல்களின் முனையிலே குறுகிய சறுக்குப்பலகைகளைப் பொருத்திப் பனியில் இறங்கினார். எஞ்சிய காலின் கீழ் ஒரு பலகை, கைக்கோல்களின் கீழ் இரண்டு. ஆகவே பனியில் விழுந்த கோடுகள் மூன்று. இம்முறைக்கு ‘மூன்று தடம்’ என்ற பெயரே நிலைத்துவிட்டது. சேப் சுவிக்னாகல் என்ற ஒஸ்திரியரோ கால்கள் இரண்டையும் இழந்தவர். செயற்கைக் கால்களுடன் சறுக்கப் பழகிக்கொண்ட அவர் பிறருக்கும் அதைக் கற்பித்தார். 1948இல் பாட்காஸ்ரைன் என்னும் ஊரில் இத்தகையோருக்கான போட்டி முதன்முதலாக நடைபெற்றபோது கலந்துகொண்டவர் 17 பேர்.

வைத்தியரோ தருமசபையோ வகுத்துக் கொடுத்த திட்டம் எதுவும் இங்கு இல்லை என்பது மனங்கொளத்தக்கது. கால் இழந்தவரே முதல் ஆசிரியர். உடல் முழுமையுடையோர் இத்துறைக்கு வந்தது பின்னர். வந்தபோதும் அவர்கள் மாணவராகவே வர நேர்ந்தது.

ஐக்கிய அமெரிக்காவிலும் இதுவே நிகழ்ந்தது. மலைப்போருக்கெனப் பயிற்றப்பட்ட பத்தாவது மலைப்படைப் பிரிவிற் பணியாற்றிய ஜிம் வின்தேர்ஸ், போரின்பின் கலிபோர்னியாவின் டோனர் கணவாய்ப் பகுதியிற் சறுக்கு ஆசிரியராக இருந்தார். போரிற் கால் இழந்த தம் நண்பருக்கு அவர் 1950களில் ஒஸ்திரியரின் மூன்று தட முறையைப் பழக்கினார். ஓகையோ மாநிலத்திற் செயற்கை உறுப்புகள் செய்யும் தொழில் நடத்திய போல் லைம்கூலர், தாமும் அப்போரிற் கால் இழந்தவர். தமக்கென அவர் செய்துகொண்ட சறுக்குக்கோல்கள் பிறருக்கும் வழியாயின. பின்னர் வியற்நாம் போர் வந்தது. உறுப்பிழந்த இளைஞர் கூட்டங்கூட்டமாக இராணுவ வைத்தியசாலைகளிற் கிடந்த காலத்தில், 1967இல், உறுப்பிழந்த சறுக்குவோரின் தேசிய சங்கம் தோன்றியது. போரை நடத்திய அரசு அவர்களுக்குச் செயற்கைக் கால் வழங்கியது. அக்காலைக் கழற்றி வைத்துவிட்டு மலையிறங்கக் கற்பித்தவர்கள் முன்னைய போரிற் கால் இழந்தோரும் அவர்தம் தோழருமே.

1970இல் கொலராடோ மாநிலத்தின் வின்ரர் பார்க் மலைத்தளத்துக்கு டென்வர் சிறுவர் வைத்தியசாலையிலிருந்து 23 பிள்ளைகள் அழைத்துவரப்பட்டனர். அனைவரும் உறுப்பிழந்தவர்கள். அவர்களுக்குக் கற்பிக்க முன்வந்தவர் ஹால் ஓலீரி என்னும் சறுக்கு ஆசிரியர். ஒரு நாட் பாடமாகத் தொடங்கிய இம்முயற்சி பெரும் பயிற்சி நிலையமாக வளர்ந்தது. துணைவரைப் பயிற்றும் தேவை இத்தகைய இடங்களிலேதான் வெளிப்படையாயிற்று. சாதாரண வகுப்பிற் பத்துப் பேரை ஒருவர் மேய்த்துவிடலாம். இங்கோ பிள்ளைக்கு ஒருவர், சிலவேளை இருவர் வேண்டும். நட்பினால் ஒருவருக்கொருவர் கற்பித்த காலம் போய், முன்பின் அறியாதவரைத் திரட்டி, முறையாகப் பயிற்றிச் சரிவுக்கு அனுப்பவேண்டிய காலம் வந்தது. தொண்டு செய்யும் ஆவல் மட்டும் போதாது என்பது மலைச்சரிவில் விரைவில் விளங்கிவிடும். தவறான இடத்திற் பிடித்துத் தூக்கினால் தூக்கப்படுபவரின் தோள் நோகும். தூக்குபவரின் முதுகு போகும்.

அமெரிக்கரை முந்தி, வேறொரு வழியாக, இதே முடிவுக்கு வந்தவர் நோர்வே நாட்டின் எர்லிங் ஸ்தூர்டால். நம்மவர் ஆயிரக்கணக்கிற் குடியேறி வாழும் நாடு அது. ஸ்தூர்டால் கண்பார்வை அற்றவர், பாடகர், கமக்காரர். விழிப்புலனற்றோரும் பிற உடற்குறையுடையோரும் கலந்துகொள்ளும் நெடுந்தூரப் பனிச்சறுக்கு ஓட்டம் ஒன்றை அவர் 1964இல் பெய்டொஸ்தோலன் என்னும் மலையூரிற் தொடங்கினார். றிடர்றென்னே என்பது அதன் பெயர். மாவீரர் ஓட்டம் என அதைத் தமிழாக்கலாம். 1970இல் அவ்வூரிலேயே, விளையாட்டையும் வைத்தியத்தையும் இணைத்த சுகாதார நிலையம் ஒன்றும் அவர் முயற்சியால் எழுந்தது. நோர்வேயிலிருந்து கொலராடோவிற் குடியேறிச் சறுக்குக் கற்பித்த ஊலாவ் பெடர்சன் இவ்வோட்டத்தை முன்மாதிரியாகக் கொண்டு, அமெரிக்காவாழ் நோர்வேஜியரின் சங்கத் துணையுடன், 1975இல் அங்கும் அத்தகைய சறுக்கு வாரம் ஒன்றை நடத்தினார். ஆண்டுதோறும் நடைபெறும் அவ்வாரத்தில் பார்வையற்ற ஒருவருக்குப் பார்வையுள்ள ஒருவர் வாரம் முழுவதும் இணையாவார்.

இவ்விணை எவ்வாறு இயங்குகின்றது என்பதைச் சற்று விரித்துரைத்தல் தகும். பனியிலே சமாந்தரமாக வெட்டப்பட்ட இரு பள்ளக்கோடுகளுள் பார்வையற்றவரின் பலகைகள் செல்லும். அருகில் உள்ள மற்றோர் இணைத்தடத்தில் வழிகாட்டி செல்வார். இருவருக்கும் இடையிற் கயிறுமில்லை, கைப்பிடியுமில்லை. குரல் மாத்திரமே உண்டு. ஆதலால் வழிகாட்டி கற்கவேண்டியது பெரும்பாலும் மொழி. வளைவு இடப்பக்கமா வலப்பக்கமா, சரிவு நீண்டதா குறுகியதா, தடம் எங்கே முடிகின்றது என்பவற்றை உரிய கணத்துக்குச் சற்று முன்னரே கூறவேண்டும். பிந்திய சொல் பயனற்றது. முந்திய சொல்லும் குழப்பத்தையே தரும். திசையை மணிக்கூட்டு முகத்தின் இலக்கங்களாற் குறிப்பிடுவதும் உண்டு. “கவனம்!” எனக் கூவுவது நம் எல்லோருக்கும் இயல்பாக வருவது, வழிகாட்டிகள் முதலிற் கைவிடவேண்டிய சொல்லும் அதுவே. அச்சத்தை ஊட்டுவதன்றி, இடப்பக்கம் ஒதுங்குவதா வலப்பக்கம் ஒதுங்குவதா என்பதை அது சொல்வதில்லை. பேராபத்து நேரின் ‘இரு’ என்ற கட்டளை ஒன்றே போதும். கேட்டவர் அக்கணமே பனியில் அமர்ந்துவிடுவார்.

இதனைப் புத்தகத்தாற் கற்பித்தல் இயலாது. துணைவராக வருவோர் தம் கண்ணைக் கட்டிக்கொண்டு பிறர் குரலை நம்பிச் சறுக்குவது பயிற்சியின் ஒரு பகுதி. மூன்று தடம் கற்பிக்க விரும்புவோர் ஒரு காலைத் தூக்கிக்கொண்டு கைக்கோல்களோடு சரிவில் இறங்கிப் பார்க்கின்றனர். நூறு யார் தூரத்திலேயே தொடை தீயாய் எரியும். ஒற்றைக்காலர் ஏன் அடிக்கடி நின்று இளைப்பாறுகின்றனர் என்பதை அதன்பின் விளக்க வேண்டியதில்லை. ஆசிரியப் பயிற்சி பெற்ற நாம் இதைப் பொறாமையோடுதான் நோக்குகின்றோம். மாணவனின் வாங்கில் ஒரு நாளாவது மாணவனாக அமர்ந்து பார்க்குமாறு எந்த விரிவுரையாளரும் நம்மைப் பணித்ததில்லை.

இடுப்பின்கீழ் உணர்விழந்தோருக்கு மலை திறந்தது இன்னும் பின்னர். உடல்வலு இழந்தவரான பீற்றர் அக்செல்சன் என்ற அமெரிக்கப் பொறியியலாளர் உள்ளிட்ட சிலர், 1970களின் பிற்பகுதியிலே, அமர்ந்து செல்லும் சறுக்கிகளை ஆக்கினர். இதனாற் துணைவரின் பொறுப்பு மிகப் பெரிதாயிற்று. புதிதாகப் பழகுபவரின் இருக்கையிற் பூட்டிய வாரைப் பிடித்துக்கொண்டு அவர் பின்னாற் சறுக்கி வரவேண்டும். வாரை மிக இறுக்கினால் முன்னிருப்பவர் எதையும் கற்கமாட்டார், வெறும் பொதியாகிவிடுவார். மிகத் தளர்த்தினாலோ உயிருக்கே ஆபத்து. மலையுச்சிக்கு ஏற்றிச்செல்லும் கம்பிவழித் தூக்கிருக்கையில் அவரைச் சறுக்கியோடு ஏற்றவும், அது இடைவழியில் நின்றுவிட்டாற் கயிற்றால் இறக்கவும் தெரிந்திருக்கவேண்டும். உணர்வற்ற கால் குளிரில் விறைப்பதை உரியவரே அறியமாட்டார். இறுகிய பட்டி தோலைப் புண்ணாக்குவதையும் அறியமாட்டார். எனவே இடைக்கிடை நிறுத்திப் பார்ப்பதும் துணைவரின் கடமை. விழுந்தவரை ஓடிச்சென்று தூக்குவது மட்டும் கடமையன்று. “உதவி வேண்டுமா?” என்று கேட்டு, விடைக்குக் காத்து நிற்றலே முறை. தானே எழ விரும்புவோர் பலர்.

1976இல் சுவீடனின் ஓர்ன்ஷோல்ட்ஸ்விக் நகரில் முதலாவது குளிர்கால பராலிம்பிக் விளையாட்டுக்கள் நடைபெற்றன. 16 நாடுகள் பங்குகொண்டன. ஆயின் உறுப்பிழந்தோருக்கும் விழிப்புலனற்றோருக்குமே பிரதான போட்டிகளில் இடம் இருந்தது. அமர்ந்து சறுக்கும் போட்டிகள் 1988 இன்ஸ்புறுக் விழாவிலேதான் சேர்ந்தன. இன்று விழிப்புலனற்றோருக்கு வழிகாட்டியவரும் வென்றவருடன் மேடையேறிப் பதக்கம் பெறுகின்றார். கனடாவின் பிறையன் மக்கீவர் பார்வை குன்றியவர். 2002 முதல் அவருக்கு வழிகாட்டியவர் மூத்த சகோதரர் றொபின். 1998 நகானோ ஒலிம்பிக்கிற் போட்டியிட்ட அவர் சாதாரண வீரர் அல்லர். வழிகாட்டுபவர் பின்னால் வருபவரிலும் களைப்பின்றி ஓட வல்லவராக இருத்தல் வேண்டும். ஒருவர் அவ்வாறு இருக்க இயலாதபோது இருவர் வேண்டும். 2014இல் சொச்சியில் மக்கீவரின் நெடுந்தூர வெற்றிக்கு இரு வழிகாட்டிகள் துணைநின்றனர்.

இத்துணையின் செலவை யார் ஏற்பது? அமெரிக்கச் சறுக்கு வாரத்திற்கு வரும் வழிகாட்டிகள் ஊதியம் பெறுவதில்லை. தம் செலவையும் தாமே செலுத்துகின்றனர். அவர்தம் பண்பை நாம் குறைத்து மதிக்கவில்லை. ஆனால் ஒரு வார விடுமுறையும் பயணப் பணமும் உள்ளவர்க்கே அப்பண்பு கைகூடும். ஆலைத் தொழிலாளி வழிகாட்டியாக வருதல் அரிது. சறுக்க விரும்பும் பார்வையற்ற தொழிலாளியும் அவ்வாறே. பெய்டொஸ்தோலன் நிலையத்திலோ நிலை வேறு. அரச சுகாதார சேவையின் ஒரு பகுதியாக, வைத்தியர் அனுப்பும் நோயாளர்களை அது ஏற்கின்றது. உடற்பயிற்சியாளரும் இயன்முறை வைத்தியரும் அங்கே சம்பளத்துக்குப் பணிபுரிகின்றனர். மாவீரர் ஓட்ட வாரத்தில் நோர்வே மன்னரின் காவற்படையிலிருந்து இளம் சிப்பாய்கள் துணைவர்களாக வருகின்றனர். கட்டாய இராணுவ சேவைக்கு அழைக்கப்பட்ட அவ்விளைஞர், பக்கத்துத் தடத்தில் வருபவருக்கு இடம், வலம், சரிவு எனச் சொல்லிக் கொடுக்கப் பழகுவதும் அச்சேவைக் காலத்திலேதான்.