188-க்கு 36 குறைவு

பி.காம் படிக்கிறவனுக்கு வரலாறு எதுக்குன்னு கேட்கிறவர்கள் இங்கேயே கழண்டுக்கலாம் :-) மத்தவங்களுக்கு ஒரு சின்னக் கணக்கு.

1952, முதல் பொதுத்தேர்தல். ஆந்திரப் பகுதியும் மலபாரும் சேர்ந்திருந்த அன்றைய சென்னை மாநிலத்தில் மொத்தம் 375 இடங்கள். பெரும்பான்மைக்கு 188 வேண்டும். காங்கிரஸ் ஜெயித்தது 152. உணவுத் தட்டுப்பாடு, ரேஷன் என்று ஜனங்கள் கடுப்பில் இருந்தார்கள். மலபாரில் 29-க்கு வெறும் 4. முதல்வர் குமாரசாமி ராஜாவே தோற்றுப் போனார்!

இன்னொரு பக்கம் 62 இடம் பிடித்த கம்யூனிஸ்ட்டுகளும் வேறு சில கட்சிகளும் பிரகாசம் தலைமையில் ஒன்றுகூடி, எங்களுக்கு 166 பேர் என்றார்கள். அதுவும் 188 இல்லை. டிரையல் பேலன்ஸ் எந்தப் பக்கமும் டேலி ஆகாத நிலைமை. மிச்சமிருந்த ஐம்பத்துச் சொச்சம் பேர்தான் முடிவு செய்ய வேண்டும்.

கவர்னர் ஸ்ரீபிரகாசா அழைத்ததோ ராஜாஜியை. அவர் தேர்தலில் நிற்கவே இல்லை. மேலவைக்கு நியமனம் செய்து, ஏப்ரல் 10-ல் முதல்வராக்கினார்கள். தனிப்பெரும் கட்சியைக் கூப்பிட்டது சரி, நியாயம் இருக்கு. ஆனா ஓட்டே கேட்காத ஒருத்தரை நியமனத்தில் கொண்டு வந்து உட்கார வைத்தது எனக்கு இன்னும் உறுத்துது. பிரகாசம் அணியும் தேர்தலுக்கு அப்புறம் சேர்ந்த கூட்டம்தானே என்பீர்கள். உண்மைதான். ஆனா அவங்களையும் கூப்பிட்டு, சபையிலேயே எண்ணிப் பார்த்திருக்கலாம் இல்லையா?

அப்புறம் நடந்ததுதான் சுவாரஸ்யம். மாணிக்கவேலு நாயக்கரின் காமன்வீல் கட்சிக்கு 6 எம்.எல்.ஏ.; அவர் மந்திரியானார். 19 பேர் வைத்திருந்த ராமசாமி படையாட்சியின் உழைப்பாளர் கட்சி வெளியில் இருந்து ஆதரவு. இந்த இரண்டும் வட தமிழகத்து வன்னியர்களின் ஆதரவில், காங்கிரசை எதிர்த்து ஜெயித்த கட்சிகள் என்பதைக் கவனியுங்க. ஜூனில் ராஜாஜி உணவுக் கட்டுப்பாட்டையும் நீக்கினார். ஜனங்களுக்குப் பெரிய நிம்மதி.

ஜூலை 3-ல் நம்பிக்கை ஓட்டெடுப்பு. ஆதரவு 200, எதிர்ப்பு 151. காங்கிரஸ் ஜெயித்த 152-க்கு மேல் வந்த 48 ஓட்டும், அந்தக் கட்சியை மக்கள் தேர்ந்தெடுக்காத தொகுதிகளில் இருந்து வந்தவை. பெரும்பான்மையைச் சபையில்தான் சோதிக்கணும் என்று சுப்ரீம் கோர்ட் பொம்மை வழக்கில் அழுத்திச் சொன்னது 1994-ல். கட்சித் தாவல் தடைச் சட்டம் வந்தது 1985-ல். 1952-ல் இது ரெண்டுமே கிடையாது.