பினோத் பிஹாரி முகர்ஜியின் காகித ஒட்டோவியங்கள்

வங்க ஓவியரும் சாந்திநிகேதனின் கலைப்பள்ளியான கலா பவனத்தின் ஆசிரியருமான பினோத் பிஹாரி முகர்ஜி (1904–1980), பார்வையை முற்றிலும் இழந்தபின் வண்ணக் காகிதங்களை வெட்டி ஒட்டி உருவாக்கிய படங்கள் இவை. இவ்வகைப் படங்களைக் கொலாஜ் என்றும் சொல்வதுண்டு.

கொல்கத்தாவின் பேஹாலாவில் பிறந்த முகர்ஜிக்குச் சிறுவயதிலேயே ஒரு கண்ணில் பார்வை இல்லை. மற்றொன்றில் கடுமையான கிட்டப்பார்வை. 1919இல் கலா பவனத்தில் சேர்ந்து ஓவியர் நந்தலால் போஸிடம் பயின்றார். 1925 முதல் அங்கேயே கற்பித்தார். பின்னாளில் திரைப்பட இயக்குநரான சத்யஜித் ராயும், சென்னை மாநிலக் கல்லூரியில் பொருளாதாரம் படித்துவிட்டு ஓவியம் கற்க வந்த கே. ஜி. சுப்ரமணியனும் அவருடைய மாணவர்கள். 1949இல் காத்மாண்டு அருங்காட்சியகப் பொறுப்பை ஏற்றுச் சாந்திநிகேதனை விட்டுச் சென்றார். 1950களின் நடுப்பகுதியில் செய்த கண் அறுவைச் சிகிச்சை பலனளிக்காமல் போக, எஞ்சியிருந்த பார்வையும் போயிற்று. 1958இல் கலா பவனத்துக்குத் திரும்பி மீண்டும் கற்பித்தார்.

ஒட்டோவியங்கள் பார்வை போனதற்குப் பிந்தைய காலத்தவை. நிறத்தைப் பிறர் சொல்லக் கேட்டு, வடிவத்தை விரலால் தடவி அறிந்து அவர் வேலை செய்தார். தூரிகைக் கோடு காய்ந்துவிட்டால் விரலுக்குச் சிக்காது. வெட்டிய காகிதத்தின் விளிம்போ தொட்டறியக்கூடிய கோடு. ஒட்டுவதற்கு முன் நகர்த்தலாம், திருப்பலாம், வேண்டாமென்றால் எடுத்துவிடலாம். இப்படங்களில் நிழலோ ஆழமோ தேடத் தேவையில்லை. தட்டையான சில நிறப்பரப்புகளே ஓர் உடலையும் அதன் சாய்வையும் சொல்லிவிடுகின்றன. பழம் ஏந்திய பெண்ணைக் காட்டும் 1957ஆம் ஆண்டுப் படம் லண்டன் டேட் அருங்காட்சியகச் சேகரிப்பில் உள்ளது.

பார்வையற்றவரின் மனவுறுதிக்குச் சான்றாக மட்டும் இவற்றைப் போற்றுவது படங்களைப் பார்க்காமல் விடுவதற்குச் சமம். இவற்றின் வேர் அதற்கு முன்பே இருந்தது. சாந்திநிகேதனின் இந்தி பவனச் சுவரில் இடைக்காலப் பக்தர்களின் வாழ்வை 1946–47இல் ஈரச் சுண்ணப்பூச்சின் மீது தீட்டியபோது, முழு அளவு மாதிரிப்படம் வரைந்து சுவருக்கு மாற்றும் வழக்கத்தை அவர் பின்பற்றவில்லை. நீண்ட சுவர் முழுவதையும் ஒரே நோக்கில் காண முடியாத கண் அது. ஆகவே முழு அமைப்பும் மனத்தில் நின்றாக வேண்டியிருந்தது. உருவங்களை நெருக்கியும் இடம்விட்டும் அடுக்கும் அந்தப் பழக்கமே பின்னர் காகிதத்தில் தொடர்ந்தது.

நோயுற்ற முதுமையில் கத்தரிக்கோலை எடுத்த பிரெஞ்சு ஓவியர் மத்தீசுடன் அவரை ஒப்பிடுவதுண்டு. ஆனால் மத்தீஸ் தன் நிறங்களைக் கண்ணால் சரிபார்த்தவர். முகர்ஜி நினைவில் சேர்த்திருந்த நிறங்களை நம்பியவர். அந்த வேறுபாடு சிறியதல்ல.

காகிதத்தில் தேர்ந்த இந்தக் கைப்பழக்கம் சுவருக்கும் சென்றது. 1972இல் கலா பவனக் கட்டடத்தில் பீங்கான் ஓடுகளால் ஒரு பெரிய சுவரோவியத்தை அவர் உருவாக்கினார். அதே ஆண்டு சத்யஜித் ராய் தன் ஆசிரியரைப் பற்றி ‘தி இன்னர் ஐ’ என்னும் ஆவணப்படத்தை எடுத்தார். முகர்ஜிக்கு 1974இல் பத்ம விபூஷண் வழங்கப்பட்டது. 2017இல் ஏதென்ஸிலும் காசெலிலும் நடந்த டாக்குமெண்டா 14 கண்காட்சியில் அவருடைய படைப்புகள் இடம்பெற்றன.