குடை, செருப்பு, சட்டை: திருச்சுழி வட்டாரத்தின் தெருவும் படமும்



திருச்சுழி என்றதும் வெளியூர்க்காரர்கள் இரண்டு படங்களைச் சொல்வார்கள். ஒன்று, குண்டாற்றங்கரையில் நிற்கும் திருமேனிநாதர் கோயில். சுந்தரர் பாடிய தலம். மற்றொன்று, 1879 டிசம்பர் 30-இல் ரமணர் பிறந்த வீடு. இரண்டும் ஊரின் வரலாறுதான், மறுப்பதற்கில்லை. ஊருக்குள் எத்தனையோ தெருக்கள், ஊரை ஒட்டியும் தள்ளியும் எத்தனையோ குடியிருப்புகள் உண்டே, அங்கு வாழ்ந்தவர்கள் எந்தப் படத்தில் இருக்கிறார்கள்? இந்தக் கேள்வியை வைத்தே இந்த நினைவுப் பேருரையை அமைத்துக்கொள்கிறோம்.

இப்போது எல்லார் கையிலும் கைப்பேசி இருக்கிறது. பழைய கடைத்தெரு, பஸ் நிலையம், கண்மாய்க்கரை என்று 'எங்க ஊரு, அன்றும் இன்றும்' படங்கள் வலம் வருகின்றன. 'அந்தக் காலம் போல வருமா' என்ற பெருமூச்சும் கூடவே வருகிறது. பழைய டீக்கடைப் படத்தில் பெஞ்சில் உட்கார்ந்தவர்கள் தெரிவார்கள். எந்தக் குவளை யாருக்கு, யார் வெளியே குத்தவைத்துக் குடித்தார்கள், குடித்த குவளையை யார் தானே கழுவி வைத்தார்கள் என்பது படத்தில் தெரியாது. அதைச் சொல்ல ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள் நம் வீட்டுத் திண்ணையில்தான் இருக்கிறார். அவர் இருக்கும்போதே கேட்டு வைக்க வேண்டிய கட்டாயத்தில் நாம் இருக்கிறோம்.

தெரு என்பதே நம் வரலாற்றில் ஒரு வழக்கு. 1924-இல் சென்னை சட்டமன்றத்தில் இரட்டைமலை சீனிவாசன் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். பொதுத்தெரு, பொதுக்கிணறு, பொது அலுவலகம் எதிலும் தாழ்த்தப்பட்டோர் நுழைவதைத் தடுக்கக் கூடாது என்பது அதன் சாரம். தீர்மானம் நிறைவேறியது, அரசாணையும் வந்தது. அதாவது, ஒரு மனிதன் தெருவில் நடக்கலாம் என்று சொல்ல ஓர் அரசாணை தேவைப்பட்டது. விருதுநகர் மாவட்டத்துக்காரரான பாமா 1992-இல் வெளியிட்ட 'கருக்கு' நூலில் தம் ஊரின் அமைப்பைச் சொல்கிறார். தபால் ஆபீஸ், பஞ்சாயத்து போர்டு, பால் டிப்போ, கடைகள், பள்ளிக்கூடம் என்று எல்லாம் அந்தப் பக்கம். இந்தப் பக்கம் நாம். தெருப் புகைப்படம் எடுக்கப் போகிறவர் முதலில் படிக்க வேண்டிய வரைபடம் அது.

அரசாணை வந்து ஆறு ஆண்டுகளில் அதற்கு எதிரான ஆணை ஒன்று வந்தது. திருச்சுழி அன்று ராமநாதபுரம் மாவட்டத்தில் இருந்தது. அந்த மாவட்டத்தில் 1930 டிசம்பரில் கள்ளர் நாட்டார்கள் ஆதிதிராவிடர்கள் மீது எட்டுத் தடைகளை விதித்தார்கள். 1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் ஆணையராக இருந்த ஜே. எச். ஹட்டன் அவற்றை எழுதி வைத்திருக்கிறார். தங்கம், வெள்ளி நகை அணியக் கூடாது. ஆண்கள் முழங்காலுக்குக் கீழும் இடுப்புக்கு மேலும் துணி உடுத்தக் கூடாது. கோட்டு, சட்டை, பனியன் போடக் கூடாது. தலைமுடியைக் கிராப்பு வெட்டக் கூடாது. வீட்டில் மண்பாண்டம் தவிர வேறு பாத்திரம் கூடாது. பெண்கள் ரவிக்கையாலோ தாவணியாலோ மார்பை மறைக்கக் கூடாது. பூ வைக்கக் கூடாது, மஞ்சள் பூசக் கூடாது. ஆண்கள் வெயிலுக்கும் மழைக்கும் குடை பிடிக்கக் கூடாது, செருப்புப் போடக் கூடாது. 1931 ஜூனில் பதினொரு தடைகள் அறிவித்தார்கள். நம் பிள்ளைகள் படிக்கக் கூடாது என்பதும், கல்யாணத்தில் மேளம் கூடாது என்பதும் அவற்றில் அடக்கம். மீறியவர்களின் குடிசைகள் கொளுத்தப்பட்டன, தானியம் அழிக்கப்பட்டது, ஆடுமாடுகள் கொள்ளை போயின.

இந்தப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு நம் வீட்டுச் சுவரில் தொங்கும் பழைய ஸ்டுடியோ படத்தைப் பாருங்கள். தாத்தா சட்டை போட்டிருக்கிறார். கிராப்பு வெட்டி எண்ணெய் தடவி வகிடெடுத்திருக்கிறார். காலில் செருப்பு, கையில் கடிகாரம். அப்பத்தா ரவிக்கை போட்டு, தலையில் பூ வைத்து, கழுத்தில் இருக்கிற ஒரே நகை தெரியும்படி நிற்கிறார். பின்னால் வரைந்த திரையில் மாளிகைப் படிக்கட்டு. கோட்டு ஸ்டுடியோக்காரர் இரவல் கொடுத்ததாகக்கூட இருக்கலாம். 'போட்டோவுக்குப் போஸ் கொடுத்திருக்கிறார்கள்' என்று பேரப்பிள்ளைகள் சிரிப்பார்கள். தடைப் பட்டியலில் இருந்த ஒவ்வொரு பொருளையும் அவர்கள் உடம்பில் ஏற்றிக்கொண்டு கேமரா முன்னால் நின்றிருக்கிறார்கள். ஊர்த்தெருவில் செருப்பைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நடந்தவர், அருப்புக்கோட்டைக்கோ மதுரைக்கோ பஸ் ஏறிப் போய், காசு கொடுத்து, செருப்போடு படம் எடுத்திருக்கிறார். அது நம் மக்கள் எழுதிய மறுப்பு. கையெழுத்துப் போடத் தெரியாதவரும் அதை எழுதியிருக்கிறார்.

அதற்கு முன்பும் கேமரா நம் பக்கம் வந்ததுண்டு. 1858-இல் சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரரான லின்னேயஸ் டிரைப் மதுரையைப் படம் எடுத்தார். கோபுரமும் மண்டபமும் துல்லியமாக விழுந்தன. அந்தக் காலத்துக் கேமராவுக்கு நெடுநேரம் அசையாமல் நிற்கும் பொருள்தான் பிடிபடும். வேலை செய்து நடமாடும் மனிதர் தடமில்லாமல் போவார். பிறகு சென்னை அருங்காட்சியகத்தின் எட்கர் தர்ஸ்டன் வந்தார். மூக்கையும் மண்டையையும் அளக்கும் கருவியோடு கேமராவையும் கொண்டு போனார். 1909-இல் ஏழு தொகுதிகளாக வந்த அவருடைய நூலில் நம் மக்களின் படங்கள் உண்டு. அவற்றின் அடியில் சாதிப் பெயர் இருக்கும், ஆளின் பெயர் இருக்காது. இந்த வேறுபாட்டை மாணவர்கள் குறித்துக்கொள்ள வேண்டும். தர்ஸ்டனின் படத்தில் நாம் ஒரு மாதிரி. ஸ்டுடியோ படத்தில் நாம் ஓர் ஆள்.

1957 செப்டம்பர் 11-இல் பரமக்குடியில் இம்மானுவேல் சேகரன் கொல்லப்பட்டார். அதைத் தொடர்ந்த கலவரத்தில் மாவட்டமெங்கும் ஆயிரக்கணக்கான வீடுகள் எரிந்தன. எரிந்தவற்றுள் பெரும்பகுதி ஒடுக்கப்பட்டோரின் வீடுகள். குடிசை எரிந்தால் நெல்லும் துணியும் மட்டும் போவதில்லை. கூரையில் செருகிய பட்டாவும், தகரப் பெட்டியில் வைத்த பள்ளிச் சான்றும், இருந்தால் ஒரு படமும் சேர்ந்து போகின்றன. நம் வீடுகளில் பழைய படங்கள் குறைவாக இருப்பதற்கு வறுமை ஒரு காரணம், நெருப்பு இன்னொரு காரணம். எரிந்த பிறகு பத்திரிகைக் கேமரா வரும். 1995-இல் கொடியன்குளத்திலும், 2011-இல் பரமக்குடித் துப்பாக்கிச்சூட்டின்போதும் வந்தது. அந்தப் படங்கள் சாட்சிக்குத் தேவை, அவற்றை எடுத்தவர்களுக்கு நன்றி சொல்கிறோம். ஆனாலும் அழுகிறவர்களாகவும் பிணமாகவும் மட்டுமே ஒரு சமூகம் அச்சில் வந்துகொண்டிருந்தால், அதன் பிள்ளைகள் தங்களை எப்படிப் பார்த்துக்கொள்வார்கள்?

அரசும் நம்மைப் படம் எடுத்தது. 1993-இல் தேர்தல் ஆணையம் புகைப்பட வாக்காளர் அட்டையைக் கொண்டுவந்தது. கரிசல் காட்டில் பருத்தி எடுத்து, மல்லி பிடுங்கி, கரிமூட்டம் போட்டு வாழ்ந்த பல கிழவிகளுக்கு அதுதான் முதல் படம், பலருக்குக் கடைசிப் படமும் அதுதான். இறந்த பிறகு அந்தத் தீப்பெட்டி அளவுப் படத்தையே பெரிதாக்கி, கண்ணீர் அஞ்சலி பிளெக்ஸில் போடுகிறோம். அறுபது, எழுபது வருட வாழ்க்கைக்கு அரசு எடுத்த ஒரே ஒரு படம்.

இந்த இடத்தில்தான் நம் பிள்ளைகள் கேமரா எடுத்தது முக்கியமாகிறது. மதுரை வட்டாரத்துப் பழனிக்குமாரின் அம்மா மீன் விற்பவர். கடன் வாங்கிக் கேமரா வாங்கிய அவர், மலக்குழியில் இறந்தவர்களின் குடும்பங்களைத் தேடித்தேடிப் பதிவு செய்தார். தம் அம்மாவையும் படம் எடுத்தார். உழைக்கும் மக்களின் பிள்ளைகளுக்கு இன்று புகைப்படம் கற்றுக்கொடுக்கிறார். வாடிப்பட்டியைச் சேர்ந்த ஜெய்சிங் நாகேஸ்வரன், கொரோனா ஊரடங்கில் ஊர் திரும்பியபோது சொந்த வீட்டையும் குடும்பத்தையும் எடுத்தார். அவருடைய பாட்டி பொன்னுத்தாய் தம் ஊரில் பள்ளிக்கூடம் தொடங்கியவர். அந்தப் படங்களில் யாரும் பரிதாபத்துக்காக நிற்கவில்லை. படுக்கிறார்கள், சிரிக்கிறார்கள், சோறு உண்கிறார்கள். புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள், பிரிட்டிஷ் நூலகத்தின் உதவியோடு, பழைய தமிழ் ஸ்டுடியோ படங்களை மின்படியாக்கியிருக்கிறார்கள். நல்ல வேலை. என்றாலும் நம் காலனிப் பெட்டிகளுக்குள் இருப்பதை நாம்தான் வெளியே எடுக்க வேண்டும்.

ஊர் மாறிவிட்டது என்பது உண்மை. 1985-இல் மாவட்டம் பிரிந்தது. விருதுநகர்–மானாமதுரை ரயில் பாதை 2013-இல் அகலப் பாதையானது. கண்மாய்க்குள் சீமைக்கருவேலம் ஏறிவிட்டது. குண்டாற்றில் எப்போதாவது தண்ணீர் வருகிறது. விடியற்காலையில் பெண்பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு நூல் மில் வண்டி போகிறது. இவற்றுள் எதற்கு அழுவது, எதற்கு மகிழ்வது என்று நாம்தான் பிரித்துச் சொல்ல வேண்டும். கண்மாய் போனதற்கு நாமும் அழுகிறோம்; அதன் மடையைத் திறந்து, தண்ணீர் பாய்ச்சிய மடையர் நம்மவர். பண்ணையாள் முறை போனதற்கு அழ முடியாது. பஸ் வந்ததால்தான் பக்கத்தில் உட்கார முடிந்தது. எல்லாருக்கும் பொதுவான நினைவு என்று ஒன்றைச் சொல்லும்போது, அந்தப் பொதுவுக்குள் நம்மை எப்போது சேர்த்தார்கள் என்று கேட்பது விதண்டாவாதம் ஆகாது. அது வரலாற்றின் முதல் வேலை.

ஆகவே செயல்பாட்டாளர்களுக்கும் மாணவர்களுக்கும் ஒரு வேலை வைக்கிறோம். ஸ்டுடியோக்கள் மூடுகின்றன, நெகட்டிவ்கள் பழைய கடைக்குப் போகின்றன, கைப்பேசி தொலைந்தால் அதில் இருந்த ஆயிரம் படங்களும் தொலைகின்றன. உங்கள் குடியிருப்பில் உள்ள பழைய படங்களை வீட்டுக்காரர் சம்மதத்தோடு பிரதி எடுங்கள். மூலப் படத்தை அன்றே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். பெண்களின் படத்தை அவர்கள் கேட்டுச் சொல்லாமல் எங்கும் போடாதீர்கள். ஒவ்வொரு பிரதியின் பின்னாலும் ஐந்து செய்திகள் எழுதுங்கள்: படத்தில் இருப்பவர் பெயர், எந்த ஊர், எந்த வருடம், எந்த ஸ்டுடியோ, அன்று உடுத்தியது சொந்தமா இரவலா. கடைசிக் கேள்வியைக் கேட்டால்தான் பேச்சு தொடங்கும். பேனாவால் எழுதினால் மை ஊறும், பென்சிலால் எழுதுங்கள்.