மாமன் வழக்கும் சேதுபதி வழக்கும்: மதுரைச் சீமையில் இறந்தார் உடைமை

ஒருவர் தம் காலத்திற்குப்பின் தம் உடைமை இன்னார்க்கு ஆகவேண்டும் என எழுதிவைக்கும் முறியை இன்று உயில் என வழங்குகிறோம். ஆங்கிலேயர் 'வில்' என்றதை உகரம் முன்வைத்து ஒலித்துக்கொண்டமையாற் பிறந்த சொல் இது. மரணசாசனம் என்பதோ வடமொழித் தொடர். சொற்கள் இரண்டும் அயலனவாதலின் அவை சுட்டும் பொருளும் நமக்கு அயலது எனத் துணிவார் உளர். அத்துணிபு முழுதும் பொருந்தாது. பிரியாக் குடும்பத்தில் ஒருவர் இறப்பின் அவர் பங்கு எஞ்சிய பங்காளிகளையே சென்றடையுமாதலின், எழுதிவைக்கும் தேவை பெரிதும் எழவில்லை என்பது மெய்யே. ஆயினும், இறந்தவர் விருப்பம் யாது, அதனை அவையில் மெய்ப்பிப்பார் யார் என்னும் வினாக்கள் மதுரைக்குப் பழையன. பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடற் புராணத்தில் 39-ஆம் படலமாகிய 'மாமனாக வந்து வழக்குரைத்த படலம்' அவ்வினாக்களின்மீதே எழுந்ததாகும்.

கதை யாவரும் அறிந்ததே. மதுரை வணிகன் தனபதி மகப்பேறு இல்லாதவன். தங்கை மகனைத் தன் மகனாகக் கொண்டு வளர்க்கிறான். தங்கை ஒருநாள் அவன் மகவின்மையைச் சுட்டிப் பழித்துரைக்க, நாணமுற்று, பொருளனைத்தையும் மருகனுக்கு ஆக்கிவிட்டு மனைவியோடு தவம் செய்யச் செல்கிறான். பின்னர்த் தாயத்தார் அப்பொருளைக் கவர்ந்துகொள்கின்றனர். கதியற்ற தாய் சோமசுந்தரர்முன் முறையிட, இறைவன் தனபதியின் வடிவுகொண்டு அவை ஏறி வழக்காடுகிறான்.

இப்படலத்தைப் பத்திச் சுவை ஒன்றற்காகவே வகுப்பில் நடத்திவிட்டு மேலே செல்கிறோம். யானும் பல்லாண்டுகள் அவ்வாறு செய்தவனே. வழக்கியல் நோக்கில் பார்ப்பின் வேறொன்று புலனாகும். தனபதி இறந்தவன் அல்லன், துறந்து சென்றவன். துறவு பூண்டானை உடைமையைப் பொறுத்தவரை இறந்தானாகவே அறநூல்கள் கருதுமாதலின், இது இறந்தார் உடைமை வழக்கினை ஒத்ததே. வந்தவன் தனபதி அல்லன் எனத் தாயத்தார் மறுக்கின்றனர். அவையோர் தெளிவடைவது எதனால்? அவன் தன் குலத்தார் பெயரும் குடிப்பிறப்பும் அவரவர் இயல்பும் வழுவின்றி எடுத்துரைத்தலால். குலத்தின் நினைவே ஈண்டுச் சான்று. அந்நினைவு எதிர்க்கட்சியாரிடமே நிறைந்து கிடக்கிறது, அவர் வாய்திறவார். மறைந்தவனே மீண்டு வந்தாலன்றிச் சிறுவன் வெல்ல வழியில்லை. புலவர் வழக்கின் உண்மையான இடரை நன்குணர்ந்தே இறைவனை அழைத்து வருகிறார் என்பது என் கருத்து.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இதே சீமையில் எழுந்த பெருவழக்கு இரண்டில் இறைவன் வரவில்லை. பிரிவி கவுன்சில் வந்தது. சிவகங்கையும் இராமநாதபுரமும் அப்பொழுது மதுரைக் கலெக்டரின் ஆட்சிக்கு உட்பட்டிருந்தன. இராமநாதபுரம் தனி மாவட்டமானது 1910-இல்தான்.

சிவகங்கை வழக்கின் வேர் போர்க்களத்தில் உள்ளது. மருது சகோதரர் கும்பினிப் படையோடு பொருதுகொண்டிருந்த 1801 செப்டம்பரில், படமாத்தூர்க் கௌரி வல்லபத் தேவரைச் சிவகங்கைக்கு உரியவராகக் கும்பினியார் சோழபுரத்தில் அறிவித்தனர். அடுத்த மாதமே மருதிருவரும் திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டனர். தேவர் 1829-இல் ஆண்மகவின்றி இறந்தார். மனைவியர் இருந்தனர், மகளிரும் இருந்தனர். ஆயினும் அவர் தமையன் மகன் ஜமீனைக் கைக்கொண்டார். குடும்பம் பிரியாத குடும்பம். ஆதலின் ஆண்வழிப் பங்காளிக்கே உரிமை என்பது அவர் கட்சி. கைம்பெண்ணான அங்கமுத்து நாச்சியார் வழக்காடினார். முடிவு காணாமலே 1850-இல் மறைந்தார். அவர்க்குப்பின் தேவரின் மகள் காத்தம நாச்சியார் அவ்வழக்கை மேற்கொண்டு கடல்கடந்தும் நடத்தினார். 1863-இல் தீர்ப்பு வந்தது. தந்தை இறந்து 34 ஆண்டுகள் கழிந்திருந்தன.

தீர்ப்பின் சாரம் நுட்பமானது. குடும்பம் பிரியாதிருப்பினும், ஒருவர் தாமே ஈட்டிய பொருள் குடும்பப் பொதுப்பொருளோடு கலவாது. ஆண்மகவின்றி அவர் இறப்பின், முன்னோர்வழிப் பொருள் பங்காளிகளுக்குச் செல்ல, தாமீட்டியது மனைவிக்குச் செல்லும். ஜமீன் 1801-இல் கும்பினியார் புதிதாக அளித்தது. ஆகவே அது தேவர் தாமே ஈட்டியதாகும். போர்ச் சூழ்ச்சியாகச் செய்யப்பட்ட ஒரு நியமனம் அறுபதாண்டு கழித்து ஒரு பெண்ணின் உரிமைக்கு அடித்தளமாயிற்று. வரலாற்றில் இத்தகைய திருப்பங்கள் அரியன. ஆனால் அவ்வுரிமை முழுமையானதன்று. பெண் தன் வாழ்நாளளவும் ஆண்டு துய்க்கலாம். அவளுக்குப்பின் உடைமை அவள் வாரிசுக்கன்றித் தந்தையின் அடுத்த உரிமையாளர்க்கே சேரும் என்பது அக்காலச் சட்டம். ஆதலாற் காத்தம நாச்சியார் மறைந்தபின்னும் சிவகங்கை வழக்குகள் ஓயவில்லை. அவற்றை ஈண்டு விரிக்கவில்லை.

இராமநாதபுர வழக்கு தமிழ் பயில்வார்க்கு இன்னும் நெருக்கமானது. இராமசாமி சேதுபதி 1830-இல் மறைந்தார். அவர் மனைவியார் பர்வதவர்த்தனி நாச்சியார் 1847-இல் முத்துராமலிங்கம் என்னும் சிறுவரைச் சுவீகாரம் கொண்டார். கணவர் இசைவளித்துச் சென்றதாக மெய்ப்பிக்க இயலாதவழி, தாயத்தார் இசைவு மட்டுங்கொண்டு கைம்பெண் மகவேற்பது செல்லுமா? செல்லாது எனின் வாரிசில்லாச் சீமை அரசுக்கே போய்விடும். எதிர்நின்றவர் மதுரைக் கலெக்டர் என்பதை இதனோடு சேர்த்து நோக்குக. தனபதி கதையில் பகைவராக நின்ற தாயத்தார், ஈண்டு இசைவளித்துக் காப்போராயினர்.

1868-இல் பிரிவி கவுன்சில் சுவீகாரம் செல்லும் எனத் தீர்த்தது. அத்தீர்ப்பு இரண்டு செய்திகளை நிலைநாட்டிற்று. மிதாட்சரம் ஒன்றேயாயினும் நாட்டுக்கு நாடு வெவ்வேறு உரைநூல்கள் ஆணையாகக் கொள்ளப்படும். திராவிட நாட்டுக்குரியவற்றை நோக்கியே இந்நாட்டு வழக்கைத் தீர்க்கவேண்டும் என்பது ஒன்று. ஐயத்திற்கிடமின்றி மெய்ப்பிக்கப்பட்ட வழக்கம், எழுதப்பட்ட நூலினும் வலிமை உடையது என்பது மற்றொன்று. இரண்டாவதனைத் தமிழிலக்கணம் கற்றார் புதுமையாகக் கொள்ளார். உலகோர் வழங்குமாற்றையும் வழக்கு என்கிறோம். மன்றில் ஏறுவதையும் வழக்கு என்கிறோம். நூலுக்கும் வழக்குக்கும் முரண் தோன்றின் எது வலிது என்னும் ஆராய்ச்சி உரையாசிரியர்களிடம் நெடுங்காலமாக உள்ளது. இலண்டன் நீதிபதிகள் அவ்வுரைகளைக் கண்டவரல்லர்; எனினும் அம்முடிவுக்கு வந்தனர்.

அன்று தீர்ப்பு மாறியிருப்பின் விளைவு யாதாயிருக்கும் என ஊகிப்பது வரலாற்றாசிரியர்க்கு ஆகாது என்பர். ஆயினும் சில உண்மைகளைச் சுட்டாது செல்ல மனம் ஒருப்படவில்லை. முத்துராமலிங்க சேதுபதியின் உடன்பிறந்தாரே பொன்னுசாமித் தேவர். ஆறுமுக நாவலர் 1861-இல் பரிமேலழகருரையோடு திருக்குறளைப் பதிப்பித்தற்குத் துணைநின்ற வள்ளல் அவர். அவர்தம் மகன் பாண்டித்துரைத் தேவர், சேதுபதியின் மகன் பாஸ்கர சேதுபதியின் ஆதரவோடு 1901-இல் மதுரையில் நான்காம் தமிழ்ச் சங்கத்தை நிறுவினார். மறு ஆண்டு 'செந்தமிழ்' இதழ் தோன்றிற்று. சங்கத்தின் வரலாற்றை எழுதுவோர் புரவலர் பெருமையைக் கூறுவர். அச்செல்வத்திற்கு அடிப்படையாயிருந்த வழக்குக் கட்டினை அவருட் பெரும்பாலார் புரட்டிப் பார்த்தாரல்லர்.

இனி, எழுதிவைத்த உயில் பற்றிய நிலைமைக்கு வருவோம். உயிலை நீதிமன்றம் ஆராய்ந்து மெய்யெனச் சான்றளிக்கும் புரொபேட்டு முறை சென்னைப் பட்டணத்தின் வழியே தமிழ்நாட்டுக்கு வந்தது. 1870-ஆம் ஆண்டின் இந்து உயில்கள் சட்டம் வங்கப் பகுதிக்கும் சென்னை, பம்பாய் நகரங்கட்குமே இயற்றப்பட்டது. 1925-ஆம் ஆண்டின் இந்திய இறங்குரிமைச் சட்டம் இந்துக்களைப் பொறுத்தவரை அவ்வெல்லையையே தொடர்ந்தது: சென்னை நகரில் எழுதப்பட்ட உயிலுக்கும், எங்கு எழுதப்பட்டதாயினும் அந்நகரத்து நிலம் வீடுகளைக் குறித்த உயிலுக்கும் புரொபேட்டினைக் கட்டாயமாக்கிய அச்சட்டம், மதுரையில் வாழ்ந்து மதுரை மண்ணையே எழுதிவைத்த இந்துவின் உயிலுக்கு அதனைக் கட்டாயமாக்கவில்லை. மாசி வீதியில் வீடும் மேலூரில் வயலும் உடையார் ஒருவர் இறப்பின், குடும்பத்தார் முதலில் நாடுவது வழக்கறிஞரையன்று, தாசில்தார் அலுவலகத்தையே. அங்கு வாரிசுச் சான்றிதழ் பெற்றுப் பட்டாவை மாற்றுவர். இறந்தவர்க்கு வரவேண்டிய கடன்களுக்கும் பத்திரங்களுக்கும் நீதிமன்றத்தின் இறங்குரிமைச் சான்றிதழ் கேட்கப்படும். வாரிசுச் சான்றிதழ் இன்னார் வாரிசு எனக் காட்டுவதன்றி, உடைமையைப் பங்கிட்டுத் தருவதன்று. இவ்வேறுபாடு விளங்காமையால் எழுந்த பூசல்கள் பல.

பெண்களின் நிலை இதற்கிடையே மாறிற்று. காத்தம நாச்சியார்க்குக் கிட்டாத முழுவுரிமையை 1956-ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டம் பெண்களுக்கு அளித்தது. 1989-இல் தமிழ்நாட்டுத் திருத்தம் மணமாகாத மகளிரைப் பங்காளிகளாக்கிற்று. 2005-இல் நடுவணரசுத் திருத்தம் எல்லா மகளிரையும் அவ்வாறாக்கிற்று.

உயில் எழுதுவோர் தாளில் எழுதினாற் போதும்; பதிவு கட்டாயமன்று. ஆனால் குறைந்தது இருவர் சான்றொப்பமிடல் வேண்டும். வழக்கெழுமாயின் அவருள் உயிரோடிருக்கும் ஒருவரேனும் மன்றில் நின்று, எழுதியவர் கையொப்பமிட்டமையைக் கண்டேன் எனக் கூறல் வேண்டும். இருவரும் இறந்துவிட்டால், அவருள் ஒருவரது கையெழுத்தையும் உயிலெழுதியவரது கையொப்பத்தையும் அறிந்தார் ஒருவரைக் கொண்டு மெய்ப்பிக்கச் சட்டம் இடந்தருகிறது. அப்பொழுது, இறந்தவரோடு கணக்கெழுதினாரோ ஒரே பள்ளியிற் கற்பித்தாரோ யாரேனும் உளரா என, உசிலம்பட்டிக்கும் திருமங்கலத்துக்கும் ஊர் ஊராகச் சென்று முதியவர்களை விசாரிக்கின்றனர் கட்சிக்காரர்.