டியாப்லோவும் எஸ்பிரிட்டும்: மலேசிய முதல் தொட்ட இரு கார்கள்

பெட்டாலிங் ஜெயாவிலிருந்து கூட்டரசு நெடுஞ்சாலை வழியே கிள்ளானுக்குச் செல்வோர் ஷா ஆலமைக் கடந்தே செல்வர். நம் நாட்டின் முதற்காரான புரோட்டோன் சாகா 1985-இல் அந்நகரிலிருந்தே வெளிவந்தது. அதற்குப் பத்தாண்டு கழிந்தபின், அரிய வேகக்கார்களைச் செய்யும் இரு நிறுவனங்களில் மலேசிய முதல் புகுந்தது. ஒன்று இத்தாலியின் லம்போர்கினி; மற்றொன்று இங்கிலாந்தின் லோட்டஸ். முன்னதன் டியாப்லோவையும் பின்னதன் எஸ்பிரிட்டையும் ஒப்பிட்டு நோக்கின், அம்முதல் தந்த பயனும் விளங்கும்.

டியாப்லோ 1990 முதல் 2001 வரை செய்யப்பட்டது; எஸ்பிரிட் 1976 முதல் 2004 வரை. இரண்டிலும் எந்திரம் இருக்கைக்குப் பின்னே அமைந்தது. ஆயினும் கொள்கை வேறு. டியாப்லோ ஆற்றலை நம்பிற்று: 12 உருளைகள், 5.7 லிட்டர் எந்திரம், 492 குதிரைத்திறன். எஸ்பிரிட்டோ எடைக்குறைவை நம்பிற்று. லோட்டஸை நிறுவிய காலின் சாப்மனின் கோட்பாடு அது. முதுகெலும்பு போன்ற எஃகுச் சட்டம், அதன்மேல் கண்ணாடியிழை உடல். தொடக்கத்தில் 2 லிட்டர் எந்திரமே போதுமானதாயிற்று. 1996-இல்தான் 8 உருளைகளும் 350 குதிரைத்திறனும் வந்தன.

இனி வடிவத்தை நோக்குவோம். டியாப்லோவை முதலில் வரைந்தவர் மார்செல்லோ காந்தினி. எஸ்பிரிட்டை வரைந்தவர் ஜியார்ஜெட்டோ ஜியுஜாரோ. இருவரும் இத்தாலியர், 1938 ஆகஸ்டு மாதத்திலேயே பிறந்தவர்கள். பெர்த்தோனே நிறுவனத்தை விட்டு ஜியுஜாரோ விலகியதும், அவ்விடத்திற்கு வந்தவர் காந்தினியே. ஆகவே, ஆங்கிலக் காரின் முகமும் இத்தாலியர் கையில் பிறந்ததே. இரண்டின் கூர்மையையும் பிறர் தணித்தனர்: டியாப்லோவை அமெரிக்கக் கிரைஸ்லர் நிறுவனத்தாரும், எஸ்பிரிட்டை 1987-இல் பீட்டர் ஸ்டீவன்சும் திருத்தினர். நாட்டுக்கு நாடு போட்டி என்பது வணிகர் பேச்சு, கைத்திறனுக்கு எல்லையில்லை.

இவ்வுண்மையை நம் முதலின் வரலாறும் காட்டும். கிரைஸ்லர் 1994-இல் லம்போர்கினியை விற்றது. அடுத்த ஆண்டு மலேசியாவின் மைக்கோம் 40 விழுக்காடும், இந்தோனேசியாவின் வி-பவர் 60 விழுக்காடும் பெற்றன. 1997-இல் ஆசிய நாணய நெருக்கடி வந்தது. 1998-இல் நிறுவனம் ஜெர்மனியின் ஆடியிடம் சேர்ந்தது. மைக்கோம் கார் செய்யும் நிறுவனம் அன்று. எனவே அதன் கையில் இருந்தது பங்குப் பத்திரமே.

லோட்டஸின் கதை வேறு. 1996-இல் அதன் 80 விழுக்காட்டைப் புரோட்டோன் வாங்கிற்று. லோட்டஸ் பல்லாண்டு நட்டமே தந்தது என்பர், அது மெய்யே. ஆயினும் 1998-இல் வந்த சத்ரியா ஜிடிஐ, சாலை வளைவில் நிலைகுலையாது திரும்பியதற்கு லோட்டஸ் பொறியாளரின் உழைப்பே காரணம். 2004-இல் ஜென்-2 காரில் வந்த காம்ப்ரோ எந்திரமும் அவர்களுடன் கூடி உருவானதே. 2017-இல் லோட்டஸின் பெரும்பங்கு சீனாவின் ஜீலிக்குச் சென்றது. நிறுவனம் கைமாறிற்று, கற்றது கைமாறவில்லை.

எஸ்பிரிட்டைக் கண்ணால் கண்ட மலேசியர் மிகச் சிலரே. ஆனால் அதைச் செய்தோரின் அறிவு, ஆசிரியரும் அலுவலரும் ஓட்டிய எளிய கார்களில் வந்து சேர்ந்தது. பொருளை வாங்குவது எளிது. அதைச் செய்யும் அறிவைப் பெறுதலே அரிது. அவ்வறிவுக்குக் கொடுத்த விலையை நட்டக் கணக்கில் மட்டும் எழுதுதல் தகாது.