உடற்சூடு: ஒரு சொல்லும் ஓர் அளவை வரலாறும்

'உடற்சூடு' எனும் சொல் தமிழில் இருபொருள் பயந்து வழங்குகின்றது. உணவாலும் உடல்வாகாலும் உண்டாவதாகக் கருதப்பெறும் தன்மை ஒன்று. வெப்பமானி காட்டும் அளவு மற்றொன்று. மருத்துவச் சுவடிகளைப் பயில்வோர் இவ்விரண்டனையும் ஒன்றென மயங்குதல் உண்டு. இம்மயக்கம் தீர, பின்னைய பொருளின் வரலாறு அறியற்பாலது. அவ்வரலாற்றின் ஒரு கூறு நம் அண்டைநாடாகிய இலங்கையில் நிகழ்ந்தது.

1774இல் இலண்டனில் சார்லசு பிளாக்டன் முதலியோர், நீர் கொதிக்கும் நிலையினும் மிகுந்த வெப்பமுடைய அறையினுள் சிறிது பொழுது தங்கினர். அவ்வெப்பத்தில் இறைச்சி வெந்தது. அவர்தம் உடல் வெப்பமோ பெரிதும் மாறவில்லை. உடல் தன் வெப்பத்தைத் தானே காக்கின்றது என்பது இதனாற் போதரும்.

ஆயின் அவ்வெப்பம் மாந்தர் அனைவர்க்கும் ஒன்றுதானோ? இவ்வினாவிற்கு விடை தேடியவர், ஆங்கிலப் படை மருத்துவராய் 1816இல் இலங்கைக்கு வந்து 1820 வரை பணியாற்றிய ஜான் டேவி ஆவர். மரக்கறி உண்ணும் புத்தத் துறவியர், ஊன் உண்ணும் வேடர், இரண்டும் உண்ணும் ஐரோப்பியர் ஆகியோரை அவர் அளந்து ஒப்பிட்டார். வெப்பம் ஏறக்குறைய ஒத்தே இருந்தது. குளிர்நாட்டினின்று வெப்பநாடு புகுவார்க்கு அது சிறிதே உயர்தலையும் அவர் குறித்தார். 1868இல் செருமானிய மருத்துவர் வுண்டர்லிக், நலமுடையார் வெப்பம் 37 பாகை செல்சியசை ஒட்டியது என நிறுவினார். எனவே, சுவடிகள் கூறும் 'சூட்டுடம்பு' வெப்பமானியின் அளவன்று. வேறொரு கோட்பாட்டின் கலைச்சொல் என்றே கொள்ளல் வேண்டும்.

இச்சமநிலையைப் பேணுவது மூளையின் அடித்தளத்துள்ள ஐப்போதலமசு என்னும் பகுதி. வெம்மை மிகின் தோலின் குருதிக்குழாய்கள் விரியும், வியர்வை சுரக்கும். ஒரு கிராம் வியர்வை ஆவியாகுங்கால் ஏறத்தாழ 580 காலரி வெப்பத்தைக் கவர்ந்து செல்லும். தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் கூறும் நுதல்வியர்ப்போ உள்ளத்து உணர்வின் வழியது. உடலியலாரும் இவ்விருவகை வியர்ப்பையும் வேறுபடுத்துவர்.

வியர்வை வழிந்தோடுதலால் மட்டும் உடல் குளிராது. அஃது ஆவியாதல் வேண்டும். காற்றில் ஈரம் மிகின் அது நிகழ்தல் அரிது. வெயில், வெக்கை, புழுக்கம் எனத் தமிழ் மூன்றாகப் பகுத்துரைப்பதன் நுட்பம் ஈண்டு விளங்கும். புதுச்சேரிக்குத் தெற்கே நல்லவாடு போன்ற கடற்கரை ஊர்களில், வலை செப்பனிடுவாரும் கருவாடு உலர்த்துவாரும் 'புழுக்கம்' என்னுங்கால் வறிதே சோம்பலுரைப்பவர் அல்லர். காற்றின் வெப்ப அளவு ஒன்றே காட்டாத இடரைக் கூறுகின்றனர். 'வெப்பநாட்டார்க்கு வெம்மை பழகியது' எனப் புறக்கணித்தல் பிழை. பழக்கம் வியர்வையைப் பெருக்கும். ஈரக்காற்றில் அதனை ஆவியாக்கித் தராது. சொல்லாராய்ச்சி இங்கு உயிர்க்காப்பிற்கும் துணையாதல் காண்க.